மூன்றாவது மெஷின்

காக்கிநாடா
9.2.2025

மாமாவுக்குச் செல்வி எழுதுவது. இங்கே நான் சுகம். நீங்களும் பாப்பாவும் அவளைப் பார்த்துக்கொள்கிற சாலம்மாள் அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புகிறேன்.

போன வாரச் சண்டைக்குப் பிறகு நாம் பேசி முடிவு பண்ணியபடி இதோ முதல் கடிதம். போன் பாப்பாவுக்கு, கடிதம் நமக்கு. நாம் வீடியோவில் கத்தியதைப் பார்த்துவிட்டு அவள் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாளாமே. ஐந்து வயதுப் பிள்ளையை அப்படிச் செய்ய வைத்தோமே என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இனிமேல் வீடியோவில் சிரிப்பு மட்டும்தான். மற்றதெல்லாம் தாளில்.

லைசென்ஸ் வந்து ஒரு மாதம் ஆகிறது. கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவர்களை ஏற்றிப்போக எங்களிடம் மூன்று ஹெலிகாப்டர் இருக்கின்றன. நாங்கள் மெஷின் என்றுதான் சொல்வோம். இப்போது என் கையெழுத்து இல்லாமல் அதில் ஒன்றுகூட எழும்பாது. பைலட் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போட்ட தாளைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார். முதல் நாள் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

சாயங்காலம் மெஷின் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அரித்துவிடும். நீங்கள் அங்கே உப்புக்காக வெயிலில் வேகிறீர்கள், நான் இங்கே அதே உப்பைக் கழுவிச் சாக்கடையில் விடுகிறேன். அந்தத் தண்ணீர் உதட்டில் தெறிக்கிறபோது உங்கள் நினைப்பு வருகிறது. ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.

பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். உங்களுக்குக் கணக்கில்லை.

செல்வி

*

மரக்காணம்
24.2.2025

செல்விக்கு அறிவழகன் எழுதிக்கொண்டது. எல்லோரும் சவுக்கியம். எனக்குக் கால் வெடிப்பு மட்டும்தான். அது உப்பளத்தில் இறங்குகிற எல்லோருக்கும் இருக்கிற சீக்கு. களிம்பு பேர் எழுதி அனுப்பாதே.

கடைசியாக நான் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால், அதுவும் உனக்குத்தான். அப்போது எழுதிய வாக்குறுதியெல்லாம் இப்போது செல்லாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பாத்தி மிதித்து முடித்தாயிற்று. தரை கெட்டியாகிவிட்டது. கால்வாயிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இந்த வருஷமும் என் தலையில்தான். நீ உடுப்புப் போட்டுக்கொண்டு மெஷின் பார்க்கிறாய், நான் கிழிந்த லுங்கியோடு மோட்டார் பார்க்கிறேன். "ரெண்டு பேரும் நட்டு போல்ட்டயே கட்டிக்கிட்டிருக்கலாம், எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்கிறது அக்கா.

உன் கையெழுத்து இல்லாமல் எழும்பாது என்று எழுதினாயே, அதை மட்டும் மேஸ்திரி பிரபாகரனிடம் படித்துக் காட்டினேன். அவன் நம்பவில்லை. போடா என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்டருக்குப் பாப்பா கோயிலில் பாடப் போகிறாள். முன்வரிசையில் உனக்கு இடம் போட்டு வைப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

அறிவு

*

காக்கிநாடா
15.3.2025

மாமா, இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தூக்கத்துக்குத்தான் குறைவு. பாப்பாவுக்குச் சளி விட்டதா? வீடியோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் ஓர் உத்தரவு வந்தது. எங்கள் மெஷின் மாதிரி ஒன்று வெளிநாட்டில் கடலில் இறங்கிவிட்டது. வால் பக்கம் ஒரு சின்ன விசிறி சுற்றும், பார்த்திருப்பீர்கள். அது நின்றால் மெஷின் பம்பரம் மாதிரி தன்னையே சுற்றிக்கொண்டு விழும். அந்த விசிறியைச் சுழற்றும் தண்டில் ஒரு பேரிங் இருக்கிறது. குறிப்பிட்ட எண்கள் போட்ட பேரிங் எல்லாம் தயாரிப்பிலேயே கோளாறு, அவை இருந்தால் மாற்றாமல் ஆள் ஏற்றிப் பறக்கக் கூடாது என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள்.

எண் பேரிங்கின் உடம்பில் பொறித்திருக்கும். மூடியைக் கழற்றி, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு மெஷினுக்கு நாலு மணி நேரம் ஆகிறது. முதல் இரண்டையும் நானே பார்த்தேன். ஒன்றில் பட்டியல் எண் இருந்தது, கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டோம். மூன்றாவது மெஷின் வேறு ஊரில் ஓவர்ஹால் என்கிற பெரிய பராமரிப்பில் இருக்கிறது. அது வந்து, பார்த்து முடித்தால்தான் லீவு என்கிறார் மேனேஜர். ஈஸ்டருக்குள் வருமா என்று தெரியவில்லை. தயவுசெய்து கோபப்படாதீர்கள்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

செல்வி

*

மரக்காணம்
22.3.2025

செல்விக்கு. எல்லோரும் இருக்கிறோம்.

கோபப்படாதே என்றால் கோபம் வராமல் இருக்குமா? கிறிஸ்துமஸுக்கு ஒரு காரணம், பொங்கலுக்கு ஒரு காரணம், இப்போது ஒரு பேரிங். ஒன்று மட்டும் சொல்கிறேன், பிறகு உன் இஷ்டம்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் சத்யப்ரியா டீச்சர் பிள்ளைகளை எங்கள் வீடு என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார். நம் பிள்ளை மூன்று பேரை வரைந்திருக்கிறாள். நான், அவள், சாலம்மாள் அக்கா. அக்கா தலைக்கு மேலே அம்மா என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இதைக் குறையாக எழுதவில்லை. நடந்தது இது. வருவதும் வராததும் உன் கையில்.

அறிவு

*

காக்கிநாடா
2.4.2025

மாமா, சுகம். உங்கள் கடிதம் 28ஆம் தேதி கிடைத்தது. அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று சாயங்காலம் ஐந்து மணி ரயில். வெள்ளிக்கிழமை சென்னையில் இறங்கி பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் வீட்டில் இருப்பேன். பாப்பாவிடம் சொல்லாதீர்கள், வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

செல்வி

*

மரக்காணம்
28.4.2025

என் செல்விக்கு. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை வீடியோவில் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் சவுக்கியம். வீடு மட்டும் சவுக்கியமாக இல்லை. உன் சீப்பை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பாப்பா அதை யாரையும் தொட விடவில்லை.

நாலரை நாள். எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வாசலில் நின்று கூப்பிட்டதும் அவள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடியதும், ஈஸ்டர் அன்று பாட்டை நிறுத்திவிட்டு எங்கம்மா என்று பக்கத்துப் பிள்ளையிடம் உன்னைக் காட்டியதும். பங்கு சாமியாரே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, வெயில் கண்ணில் பட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை வெயில் தாழ நீயும் என்னோடு மோட்டார் கொட்டகைக்கு வந்தாய். அதுவரைக்கும் வாய் ஓயாமல் பேசினாய். ஜனவரியில் புது பேரிங் போட்டதாகப் பிரபாகரன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். சத்தம் சரியில்லை என்று நான் கழற்றினேன். உள்ளே இருந்தது போன வருஷத்துப் பழசு. "நோட்டுல எழுதுனவன் நோட்டத்தான் பாத்திருக்கான், மோட்டாரப் பாக்கல" என்று நான் சிரித்தேன். உன் முகம் சுண்டிப்போயிற்று. அதன்பிறகு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறுகிறவரை என்னிடம் பத்து வார்த்தை பேசியிருப்பாயா? கோயிலில்கூட நீ முன்னால் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாய்.

நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அறிவு

*

காக்கிநாடா
8.5.2025

மாமா, நல்ல சுகம். உங்கள் கால் வெடிப்பு இப்போது எப்படி இருக்கிறது?

ஒன்றும் இல்லை. ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமே என்ற வருத்தம், அவ்வளவுதான்.

இங்கே வெயில் தாங்கவில்லை. பாப்பாவுக்கு முன்பல் ஆடுகிறதாம், நாக்கால் தள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். கடலில் இருக்கிற கிணற்றில் சமையல் வேலை பார்க்கிற தட்சணாமூர்த்தி என்று ஒருவர், நம் ஊருக்குப் பக்கத்துப் பிரம்மதேசத்துக்காரர். இங்கே தமிழ் பேச நானும் அவரும்தான். போகிறபோதும் வருகிறபோதும் ஊர்க்கதை பேசுவார். அவருடைய மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவர் போவதும் மூன்றாவது மெஷினில்தான். அது தினமும் பறக்கிறது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். நேற்று இரண்டு தடவை போய் வந்தது. நன்றாகத்தான் ஓடுகிறது.

வேறு விசேஷம் இல்லை.

செல்வி

*

மரக்காணம்
17.5.2025

செல்வி, இங்கே எல்லோரும் சுகம். ஆனால் உன் கடிதம் வந்ததும் வராததும் ஒன்றுதான். உறைக்குள் தாள் இருந்தது, நீ இல்லை.

மூன்று நாளாகக் கோடை மழை. வாரிக் குவித்த உப்பில் பாதி கரைந்து வரப்போடு போய்விட்டது. முதலாளி ராமதாஸ் வரப்பில் நின்று வானத்தைத் திட்டினார். வேலை இல்லாததால் உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்றாவது மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எனக்கு எதற்கு எழுதினாய்? நான் கேட்கவே இல்லையே. நன்றாக ஓடுகிற மோட்டாரைப் பற்றி நான் யாரிடமும் பேச மாட்டேன்.

நேற்று வீடியோவில் பாப்பா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்று உனக்கும் தெரிந்தது. கடைசிவரை இரண்டு பேரும் பல்லைப் பற்றியே பேசினோம். கடிதம் நமக்கு என்று சொன்னவள் நீதான், செல்வி. என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறாய்?

அறிவு

*

காக்கிநாடா
26.5.2025
காலை ஆறு மணி

மாமா, நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருங்கள். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

பெரிய வியாழன் அன்று மத்தியானம் ஒரு மணிக்குத்தான் மூன்றாவது மெஷின் ஓவர்ஹாலிலிருந்து வந்து இறங்கியது. வேலை முடிந்தால் போகலாம் என்றார் மேனேஜர். பாதி மூடியைக் கழற்றிவிட்டு மணியைப் பார்த்தேன். மூன்று. முழுக்கக் கழற்றி, படித்து, திரும்பப் பூட்டுவதற்குள் ரயில் போய்விடும். அந்த மெஷினுக்கு ஓர் அட்டை உண்டு. எந்தப் பாகத்துக்கு என்ன எண் என்று அதில் எழுதியிருக்கும். பேரிங் எண்ணை அந்த அட்டையிலிருந்து பார்த்து எழுதினேன். அது பட்டியலில் இல்லை. பாகத்தைப் பார்த்துச் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். பார்க்கவில்லை. மூடியைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயிலில் எனக்குக் குற்றமாகவே தெரியவில்லை. அட்டையில் தப்பாகவா எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாப்பாவுக்கு வாங்கிய கவுனை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை நீங்கள் அந்த மோட்டாரைக் கழற்றிக் காட்டியபோதுதான் அந்த அட்டையும் இப்படி இருக்கலாமே என்று பட்டது.

திரும்பி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு என்று நினைப்பேன், நாளைக்கு என்று தள்ளுவேன். காரணம் சொல்லாமல் அந்த மூடியைத் திறக்க முடியாது, காரணம் சொன்னால் லைசென்ஸ் போகும். இந்த லைசென்ஸுக்காகப் பாப்பா நடக்கத் தொடங்கியதைப் பார்க்கவில்லை, பேசத் தொடங்கியதைக் கேட்கவில்லை. இதுவும் போய்விட்டால் அவளை எதற்காக விட்டு வந்தேன் என்று அவளிடம் என்ன சொல்வேன்? இப்படி யோசித்தே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். தினமும் மெஷின் கண்ணுக்கு மறைகிறவரை வெளியே நிற்பேன். திரும்பி வருகிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். அடுத்த நாள் மறுபடியும் பன்னிரண்டு பேரை ஏற்றி அனுப்புவேன். நான் எப்படிப்பட்டவள் ஆகிவிட்டேன் மாமா?

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. இன்று ஏழரைக்கு மூன்றாவது மெஷின் கிளம்ப வேண்டும். இதைப் பெட்டியில் போட்டுவிட்டு, அதை நிறுத்தச் சொல்லப் போகிறேன். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் நீங்கள் சொல்லிச் செய்ததாகிவிடும். கையெழுத்துப் போட்டது நான்.

செல்வி

*

மரக்காணம்
2.6.2025

செல்வி, எல்லோரும் சுகம். பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டது, நீதான் பார்த்தாயே. நான் அன்றைக்கு வீடியோவில் வராததற்குக் காரணம் மோட்டார் இல்லை. உன் கடிதம் அப்போதுதான் வந்திருந்தது. பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

அந்தப் படத்தில் பாப்பா மூன்று பேரை வரையவில்லை. நான்கு பேரை வரைந்திருந்தாள். நாலாவது நீ. எங்கள் எல்லோரையும் விடப் பெரிசாக, கையில் ஸ்பேனரோடு, தாளின் ஓரத்தில் இடம் போதாமல் பாதிக் கால் வெளியே போய் நின்றாய். அம்மா என்று உன் தலைக்கு மேலேதான் எழுதியிருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டது நன்றாக வரைந்திருக்கிறாள் என்று சொல்லத்தான். அந்தப் படம் என் பெட்டியில் இருக்கிறது. நீ வந்தபோது துணிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

நீ வர வேண்டும் என்று எழுதினேன். எதை எழுதினால் உன்னால் தாங்க முடியாது என்று யோசித்து யோசித்து எழுதினேன். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதானே நீ மணியைப் பார்த்திருப்பாய்? பன்னிரண்டு பேர் உயிரோடு விளையாடினது நீ இல்லை, நான். உன் மேனேஜரிடம் இதைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் விலாசம் கொடு, எழுதிப் போடுகிறேன். ஒரு மனுஷனாக என்னால் செய்ய முடிவது அது ஒன்றுதான்.

லைசென்ஸ் போனால் போகிறது, கிளம்பி வந்துவிடு என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுத மாட்டேன். உன்னை வா வா என்று எழுதியதெல்லாம் போதும். அன்றைக்குப் போய்ச் சொன்னாயே, எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவாயா? என்ன ஆயிற்று என்று எழுது. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, அதற்கு எனக்கு முகம் இல்லை.

அறிவு

*

காக்கிநாடா
12.6.2025

என் மாமாவுக்கு. உடம்பு சுகம். நன்றாகத் தூங்கினேன், இரண்டு மாதத்துக்குப் பிறகு.

அன்று ஏழு பத்துக்குப் போய்ச் சொன்னேன். மேனேஜர் உடனே எழுந்து போய் மெஷினை நிறுத்தினார். மிதவைச் சட்டை மாட்டி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். தட்சணாமூர்த்தி அண்ணன், "என்னம்மா, மழையா?" என்று கேட்டார். நான்தான் காரணம் என்று சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய்த் தள்ளி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

மத்தியானம் மூடியைத் திறந்தார்கள். அட்டையில் இருந்த எண் வேறு, உள்ளே இருந்த எண் வேறு. உள்ளே இருந்தது பட்டியலில் உள்ளது. என்றைக்கோ மாற்றிவிட்டு அட்டையில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். மேனேஜர் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துச் சுற்றிப் பார் என்றார். சுற்றினேன். மணல் அரைபடுகிற மாதிரி நறநறவென்று இருந்தது. அன்றே புதுசு போட்டார்கள். கையெழுத்து வேறு ஆள் போட்டார்.

என் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டில்லியிலிருந்து வந்து விசாரிப்பார்கள். அது முடிகிறவரை ஊரை விட்டுப் போகக் கூடாது. ஆறு மாதம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கிறிஸ்துமஸுக்கும் என்னை எதிர்பார்க்காதீர்கள். அதுவரை மெஷின் கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். செய்கிறேன். அரிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு திருகாணியையும் தடவித் தடவிப் பார்க்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒருமுறை வந்தால் தடுக்க மாட்டார்கள். ஆனால் அளத்து வேலையை விட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் எழுதியது பொய் என்று தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ராத்திரி பகல் அந்தப் படம்தான் கண் முன்னால் நின்றது, மாமா. பாத்திரம் கழுவும்போது அழுதேன், பஸ்ஸில் அழுதேன். அதற்காக உங்களை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் அந்தக் கையெழுத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். மேனேஜருக்கு எதுவும் எழுத வேண்டாம்.

உங்களிடம் நானும் ஒன்றை மறைத்தேன். ரயில் டிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எடுத்த தேதி போட்டிருக்கிறது, மார்ச் 16. லீவு சந்தேகம், கோபப்படாதீர்கள் என்று உங்களுக்கு எழுதிய மறுநாள். உங்கள் கடிதம் வந்தது 28ஆம் தேதி. நீங்கள் கூப்பிட்டதால் வந்தேன் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன், அது உங்களுக்குப் பிடிக்கும் என்று. அன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. மெஷின் வந்தாலும் வராவிட்டாலும், முடிந்தாலும் முடியாவிட்டாலும் போய்விடுவது என்று அன்றே முடிவு பண்ணிவிட்டேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வேறு காரணம் இல்லை.

பாப்பாவின் விழுந்த பல்லைப் பத்திரமாக வையுங்கள்.

செல்வி